மாமரத்தடி நிழலில் மாண்டோ புல் வருமா?

வடக்குவாசல் (கோவை):
வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் 5 அடி அகலம், 20 அடி நீளம். மேலே மாமரம். காலையில் ஒரு மணி நேரம் வெயில் விழுந்தால் அதிகம். கொரியன் புல் இரண்டு தடவை பதித்தேன், இரண்டு தடவையும் ஆறே மாதத்தில் வழுக்கை. நர்சரிக்காரர் இப்போது, "மாண்டோ போடுங்க சார், வெட்டுற வேலையே இல்ல" என்கிறார். கொரியனைத் தலையில் கட்டியவரும் அவரேதான், அதனால் இங்கே கேட்கிறேன். எத்தனை கவர் வேண்டும்?

தொட்டிச்செடி:
வீட்டில் நாய் இருக்கிறதா? மிதிபட்டால் தாங்காது. நடக்கிற இடத்தில் கல் பதித்துவிட்டு இடையில் நடுங்கள்.

வேர்முடிச்சு:
வரும். ஆறு வருஷமாக எங்கள் பலாமரத்தடியில் இருக்கிறது. பெயரில்தான் புல், உண்மையில் தண்ணீர்விட்டான் கிழங்குக்குச் சொந்தம். ஒரு தூரைப் பிடுங்கினால் வேரில் குட்டிக் கிழங்குகள் தொங்கும். அதனால் நாலு நாள் தண்ணீர் விடாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும், தண்ணீர் தேங்கினால்தான் அழுகும்.

கொரியன் மாதிரி ஓடிப் படராது, பொறுமை வேண்டும். அரை அடிக்கு ஒன்று வைத்தேன், மண் தெரியாமல் மூட இரண்டு வருஷம் ஆனது. உங்கள் 100 சதுர அடிக்கு 400 தூர். ஒரு கவரைப் பிரித்தால் நாலாவது தேறும், ஆக 100 கவர். நான் பாதிதான் வாங்கினேன், மீதியை அடுத்த வருஷம் என் செடியிலிருந்தே பிரித்து நட்டேன். நடும்போது குருத்து மண்ணுக்குள் போகக் கூடாது.

முக்கியமான விஷயம் கோரை. கிழங்கோடு தோண்டி எடுக்காமல் நட்டுவிட்டேன். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, பூ வந்த பிறகுதான் எது எது என்று தெரிந்தது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் குந்தியிருக்கிறேன்.

சாம்பல்பூசணி:
அடர்த்தியாக வளர்ந்தால் பாம்பு வராதா?

வேர்முடிச்சு:
ஜப்பானில் இதன் பெயரே பாம்புத் தாடி! வீட்டில் சொல்லிவிடாதீர்கள், என் அம்மா ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பயமாக இருந்தால் குட்டை ரகம் வாங்குங்கள், நாலு விரற்கடை உயரம்தான். ஆனால் அது இன்னும் மெதுவாகப் பரவும்.

வடக்குவாசல்:
நாய் இல்லை. சாயங்காலம் ஒரு முழ இடம் கொத்திப் பார்த்தேன், கைப்பிடி நிறையக் கோரைக்கிழங்கு. கவர் வாங்குவது அடுத்த மாதம்தான்.