மறு: 'மறையதிகாரம்' போதுமா? – மறையாணை, மறைச்சான்று

> 'ஸ்கிரிப்சரல் அத்தாரிட்டி' (சமய மறைநூலுக்கு உள்ள அதிகாரம்) என்பதற்குத் தமிழில் 'மறையதிகாரம்' என்று வைத்துக்கொள்ளலாம். பிற சமய நூலானால் முன்னால் 'பிற' சேர்த்தால் போதும்.

அன்புள்ள ஐயா,

போதாது. அதிகாரம் என்றதும் கீழ்ப்படிதல் வந்துவிடுகிறது. பிறர் மறையை மதிப்பவர் அதற்குக் கீழ்ப்படிவதாகச் சொல்வதில்லை. அதிலும் உண்மை பேசப்படுகிறது என்கிறார். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், இணக்கம் பேச வந்தவர்கூட 'என் நூலை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள்' என்று எழுந்து போய்விடுவார்.

தவ்ராத் (மூசா நபியின் வேதம்), ஸபூர் (தாவூது நபியின் வேதம்), இன்ஜீல் (ஈசா நபியின் வேதம்) ஆகியவை இறைவன் அருளிய வேதங்கள் என்று நம்புவது முஸ்லிம்களாகிய எங்கள் ஈமானில், அதாவது இறைநம்பிக்கையில், அடங்கியது. இன்று கையிலுள்ள பிரதிகளைப் பற்றி ஆலிம்களிடையே (மார்க்க அறிஞர்களிடையே) நெடுங்கால வாதங்கள் உண்டு. அருளப்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆனால் தொழுகைக்கும் நிக்காஹ்வுக்கும் சட்டம் குர்ஆனும் நபிவழியும்தான். கிறித்தவர்களும் பழைய ஏற்பாட்டை மறையாகவே ஓதுகிறார்கள். அதன் உணவு விலக்குகளைப் பெரும்பாலோர் கைக்கொள்வதில்லை.

ஆகவே இரண்டு சொற்கள். ஒருவரைக் கட்டுப்படுத்தும் நூலின் உரிமை மறையாணை. கட்டுப்படுத்தாத நூலை உண்மைக்குச் சாட்சியாக ஏற்கும் மதிப்பு மறைச்சான்று.

நம் கடற்கரைக்கு இந்தச் சொல் அவசியம் வேண்டும். ஏர்வாடி தர்காவுக்கு இந்துக்கள் வருகிறார்கள். கிறித்தவத் துறவி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693இல் கொல்லப்பட்ட ஓரியூரின் செம்மண்ணைப் பல சமயத்தாரும் எடுத்துச் செல்கிறார்கள். இதில் நமக்குப் பெருமை உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் அது தலத்துக்குத் தரும் மரியாதை. அந்த மண்ணை வீட்டில் வைத்திருப்பவர் நற்செய்தி நூலைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று நாம் பேசியதே இல்லை.

– கீழக்கரையிலிருந்து

அன்புள்ள தம்பி,

பிரிவு சரி. 'சான்று' மட்டும் உறுத்துகிறது. வருவாய்த்துறைச் சான்றிதழ்களால் தேய்ந்த சொல். சைவ சித்தாந்தத்தில் காட்சி, கருதல், உரை என்ற அளவைகள், அதாவது உண்மையை அறியும் வழிகள், உண்டே. இதில் உரை என்பது மறைநூலின் சொல். 'உரையளவை' என்று எடுத்தாளலாமா? சமய நூல்கள் ஒன்றோடொன்று ஒவ்வாமல் இருப்பதைச் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூல் நேராகவே எடுத்துப் பேசுகிறது.

– இராமநாதபுரத்திலிருந்து

ஐயா,

உரையளவை ஐயமற்ற அறிவுக்கருவி. ஏற்றுக்கொண்டால் மறுக்க இடமில்லை. ஆகவே அது மறையாணையின் பக்கம் சேரும். சித்தியாரும் மற்ற நூல்களெல்லாம் வேத ஆகமங்களில் அடங்கும் என்றே முடிக்கிறது. அந்தப் பரந்த மனம் எனக்குப் பிடிக்கிறது. ஆனாலும் அங்கே பிற நூல் தனக்கென நின்று பேசுவதில்லை. நாங்களும் முந்தைய வேதங்களைக் குர்ஆன் என்ற உரைகல்லில் உரைத்தே பார்க்கிறோம். இதை மறைக்காமல் வரையறையிலேயே எழுதிவிடலாம்:

மறைச்சான்று: தன் மறையை அளவுகோலாகக் கொண்ட ஒருவர், தன்னைக் கட்டுப்படுத்தாத பிற மறைக்கு அளிக்கும் உண்மை மதிப்பு.

'தன் மறையை அளவுகோலாகக் கொண்ட' என்ற பகுதிக்குத்தான் எதிர்ப்பு வரும் என்று நினைக்கிறேன். அதை எடுக்கச் சொல்பவர்கள் காரணத்தோடு எழுதட்டும்.