புதுப்பிப்பு: பீட் மாஸுக்குப் பதில் கோகோபீட், தொட்டியில் ஸ்ட்ராபெர்ரி (காரைக்குடி)

பசுமைக்குடில் தொட்டிகளில் ஸ்ட்ராபெர்ரி வளர்க்க பீட் மாஸுக்கு (சதுப்பு நிலப் பாசி மக்கிக் கிடைக்கும், மண்ணுக்குப் பதில் போடும் ஊடகம்) மாற்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது பழம் பறித்துக்கொண்டிருக்கிறோம்.

கை கொடுத்தது, கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) கால்சியம் நைட்ரேட் உரக் கரைசலில் ஊறவைக்கச் சொன்ன யோசனைதான். வெறும் தண்ணீரில் அலசினால் கரையும் உப்பு மட்டுமே போகும். நாரோடு ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் அப்படியே இருக்கும். கால்சியம்தான் அவற்றை வெளியே தள்ளும். 10 லிட்டருக்கு 100 கிராம் கரைத்து, ஒரு இரவு ஊறவைத்து, வடித்து, மறுபடி அலசினேன். அப்புறம் மூன்று பங்குக்கு ஒரு பங்கு பெர்லைட் (தண்ணீர் வடிய உதவும் லேசான வெள்ளைக் கல் துகள்) கலந்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால், கடைசி அலசலுக்கு வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) அண்டா வைத்துப் பிடித்த மழைத்தண்ணீர்.

பெர்லைட்டுக்குப் பதில் கருக்கிய உமி போடச் சொன்னார் ஒரு அண்ணன். சில தொட்டிகளில் அதிகமாகவே போட்டுப் பார்த்தேன். வடிகால் அருமை. ஆனால் இளம் இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடையெல்லாம் மஞ்சளாகவும் ஆனது. கருக்கிய உமி காரத்தன்மை உள்ளது, பி.எச். (அமில-கார அளவு; ஏறினால் காரம்) ஏறியதும் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியவில்லை. கொஞ்சமாகச் சேர்த்தால் போதும்.

எதிர்பாராதது ஒன்று: கோகோபீட் மேலே காய்ந்து வெளுத்திருக்கும், விரலை விட்டால் உள்ளே சொதசொதவென்று ஈரம். மேல்பரப்பைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள், வேர் அழுகிவிடும். தொட்டியைத் தூக்கிப் பார்த்துக் கனத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

புளூபெர்ரி பற்றிக் கேட்டவர்களுக்கு: அதற்கு பி.எச். 4.5 முதல் 5.5 வரை வேண்டும், கோகோபீட் மட்டும் போதாது.