'ஜெனரிக்' மருந்துக்குத் தமிழில் என்ன சொல்வது? திங்கட்கிழமைக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், மயிலாப்பூர்:

அனைவருக்கும் வணக்கம். ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்ற நோய்ப்பெயரை எப்படியோ தாண்டிவிட்டேன். மருந்துப் பக்கத்தில் நின்றுவிட்டேன். ஏடிஎச்டி மருந்தான அட்டமோக்செட்டினுக்கு அமெரிக்காவில் 2017இல் ஜெனரிக் அனுமதி, அதாவது அதே மருந்தைப் பிற நிறுவனங்களும் செய்து விற்கும் அனுமதி, கிடைத்தது, பெற்ற நான்கு நிறுவனங்களில் அரபிந்தோ, கிளென்மார்க் இரண்டும் நம் நாட்டவை. இன்னொரு ஏடிஎச்டி மருந்தான லிஸ்டெக்சாம்ஃபெட்டமினுக்கு அங்கே 2023இல் ஜெனரிக் வந்தது என்று பக்கம் முழுவதும் அந்தச் சொல்தான். 'பொதுப்பெயர் மருந்து', 'பெயரிலி மருந்து' இரண்டையும் எழுதிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. மருந்து பல மணி நேரம் சிறிது சிறிதாக வெளிவருவதைக் குறிக்கும் 'எக்ஸ்டெண்டட் ரிலீஸ்' என்பதற்கும் ஒன்று வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவல்லிக்கேணி:

அம்மா, பொதுப்பெயருக்கு இலக்கணத்தில் ஏற்கெனவே வேலை இருக்கிறது. மரம் இடுகுறிப் பொதுப்பெயர், பனை இடுகுறிச் சிறப்புப்பெயர். அந்தக் கணக்கில் 'மருந்து' பொதுப்பெயர், ஏடிஎச்டிக்குத் தரும் 'மெத்தில்பெனிடேட்' சிறப்புப்பெயர். அதன் முதல் வணிகப்பெயரான ரிட்டலின் காரணப்பெயர்: 1944இல் அதை உருவாக்கிய லியாண்ட்ரோ பனிசோன் தம் மனைவி ரீட்டாவின் பெயரை அதில் வைத்தார்.

நமக்கு வேண்டிய சொல் நன்னூலிலேயே இருக்கிறது. நூல் மூவகை: முதல், வழி, சார்பு. வழிநூலுக்கு இலக்கணம் என்ன? 'முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி' வருவது. முடிபு ஒன்று, விகற்பம் என்ற வேறுபாடு அவரவருடையது. ஜெனரிக்கின் இலக்கணமும் இதுதானே? கண்டுபிடித்தவருடையது முதல்மருந்து, காப்புரிமை முடிந்தபின் வருவது வழிமருந்து.

மருந்தாளுநர், பெரம்பூர்:

ஐயா, படிக்க இனிக்கிறது. ஆனால் என் கடைக்கு வருபவர் 'வழிமருந்து' என்றால் பேருந்துப் பயணத்தில் வாந்திக்குப் போடுவது என்றுதான் நினைப்பார். 'பெயரிலி' இந்தியாவுக்குப் பொருந்தவே பொருந்தாது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டும்தான் என்றது. 2005 வரை அந்த நிலைதான். அதனால் இங்கே ஒரே மருந்தை ஆளுக்கொரு வணிகப்பெயரில் விற்றுப் பழகிவிட்டோம். பெயரிலி என்பதற்கு மாறாக, பெயர்கள்தாம் அதிகம். மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகமும் வந்தபின் 'ஜெனரிக்' என்று மூதாட்டிகளே கேட்டு வாங்குகிறார்கள். அப்படியே விட்டுவிடலாம்.

பொறியாளர், அம்பத்தூர்:

இப்படி விட்டுவிட்டிருந்தால் 'பேருந்து' என்று ஒரு சொல்லே வந்திருக்காது. பெரம்பூர் ஐயா தம் மறுப்புக்குள்ளேயே அதை எளிதாக எழுதுகிறார். ஜெனரிக்கின் வேர் 'ஜீனஸ்', அதாவது இனம். 'இனமருந்து' என்க. நம் 'கணம்' என்ற சொல்லும் அந்த வேரோடு சேருமா என்று வெகுநாளாகப் பார்த்துவருகிறேன். 'மருந்து' என்பது 'அருந்து' என்பதிலிருந்து வந்ததாகவும் நம்புகிறேன். விரிவாகத் தனி மடல் எழுதுகிறேன்.

ஒரு தாய், வேளச்சேரி:

இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. என் மகனுக்குப் பதினொரு வயது. சென்ற ஆண்டு வழக்கமாக வாங்கும் மாத்திரை கிடைக்காமல் மூன்று கடை ஏறி இறங்கினேன். நான்காவது கடையில், "அதே மருந்துதான் அம்மா, கம்பெனிதான் வேறு" என்று ஒன்றைக் கொடுத்தார்கள். மில்லிகிராமும் அதுவே. ஒரு வாரம் கழித்துப் பள்ளியில் கூப்பிட்டார்கள். கணக்கு நோட்டில் காலை வகுப்பின் எண்கள் கட்டத்துக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. கடைசிப் பாடவேளையில் கட்டத்தை விட்டு வழிந்து, ஒரு கூட்டல் பாதியில் நின்று, அதன் கீழே பேனா அழுந்தித் தாள் கிழிந்திருந்தது. மருத்துவர் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்: பழையது பன்னிரண்டு மணி நேரம் தாங்குவது, புதியது எட்டு மணி நேரம். சரக்கு ஒன்றுதான், வெளிவரும் விதம் வேறு. அதைச் சொல்லும் சொல் எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

மருந்தாளுநர், பெரம்பூர்:

அம்மா, எத்தனை மணி நேரம் வேலை செய்யும் மாத்திரை என்று அந்தக் கடையில் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நீங்கள் சொல்லும் பன்னிரண்டு மணி நேர வகையில் ஒன்று இப்படி வேலை செய்கிறது: மேற்பூச்சு முதலில் கரைகிறது, உள்ளே ஓர் அடுக்கு நீரை உறிஞ்சி உப்பி, லேசரால் இட்ட நுண்துளை வழியாக மருந்தைச் சிறிது சிறிதாகத் தள்ளுகிறது. வெற்றுக்கூடு மலத்தோடு முழுசாக வெளியேறும். கரையவில்லையே என்று பெற்றோர் பதறுவது இதைப் பார்த்துத்தான்.

அமெரிக்காவிலேயே 2014 நவம்பரில் இந்த வகையின் இரண்டு ஜெனரிக்குகளுக்குக் கொடுத்திருந்த சமானத் தகுதியை, அதாவது முதல்மருந்துக்கு மாற்றாகத் தரலாம் என்ற மதிப்பீட்டை, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. குறைத்தது. ஏழாவது மணியிலிருந்து பன்னிரண்டாவது மணிவரை சிலருக்கு மருந்து மெதுவாக வெளிவரலாம் என்பது காரணம். தமிழாசிரியர் ஐயா சொன்ன 'விகற்பம்' இங்கேதான் இருக்கிறது. வழிமருந்தைக் குறித்த என் முந்தைய கருத்தில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

தமிழாசிரியர், திருவல்லிக்கேணி:

நன்றி ஐயா. இனி 'எக்ஸ்டெண்டட் ரிலீஸ்'. இலக்கணத்தில் 'மாத்திரை' என்பதே காலத்தின் அளவு: கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். குறில் ஒன்று, நெடில் இரண்டு, அளபெடை மூன்று. பன்னிரண்டு மணி நேரம் நீள்வதை 'நெடுமாத்திரை' என்றால் என்ன?

மருந்தாளுநர், பெரம்பூர்:

நீளமான மாத்திரை என்று நினைத்து இரண்டாக உடைத்துக் கொடுத்துவிடுவார்கள். இந்த வகையை உடைக்கவே கூடாது. 'நெடுநேர மாத்திரை' என்றால் ஆபத்தில்லை.

மொழிபெயர்ப்பாளர், மயிலாப்பூர்:

'நெடுநேர மாத்திரை'யை எடுத்துக்கொண்டேன். 'நீட்டித்த விடுப்பு' என்று எழுதி வைத்திருந்தேன். அலுவலக விடுமுறை போல் ஒலித்தது. மற்றதற்கு நேற்றிரவு வரை வந்த தனி மடல்களில் பெரும்பான்மை 'ஜெனரிக்' பக்கம். முதல் இடத்தில் மட்டும் 'வழிமருந்து எனப்படும் ஜெனரிக்' என்று எழுதுகிறேன். வேளச்சேரி அம்மாவுக்காகக் கட்டம் கட்டி ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'கம்பெனி மாறினால், எத்தனை மணி நேரம் வேலை செய்யும் என்று கேளுங்கள், மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.'

பொறியாளர், அம்பத்தூர்:

அந்த வரி நன்று. 'ஜெனரிக்'கை ஏற்கவில்லை. 'இனமருந்து' பற்றிய மடல் ஞாயிறு இரவுக்குள் வரும். அச்சுக்கு முன்னால் ஒருமுறை படித்துவிடுங்கள் அம்மா.