மறு: ‘சமூக ஆவணக் காப்பகம்’ – மாற்றுச் சொல் தேவை

குழுவினர்க்கு வணக்கம்.

திருநங்கையரும் திருநம்பியரும் தன்பாலீர்ப்பாளரும் தம் வரலாற்றைத் தாமே திரட்டிப் பேணும் முயற்சி ஒன்றுக்காக ஓர் ஒப்புதல் படிவத்தை மொழிபெயர்த்து வருகிறேன். அது வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘கம்யூனிட்டி ஆர்க்கைவ்’ என்பதைச் ‘சமூக ஆவணக் காப்பகம்’ என்று எழுதியிருந்தேன். தம் பழைய படங்களைத் தர வந்த மூத்த திருநங்கை ஒருவர், “எந்தச் சமூகம்?” என்று கேட்டார், சாதியைக் கேட்கிறோம் என்றே எண்ணிவிட்டார். அடுத்த வரியில் ‘காப்பகத்தில் சேர்க்க ஒப்புகிறேன்’ என்றிருந்ததைப் படித்துவிட்டு, “படத்தையா, என்னையா?” என்று சிரித்தார். முதியோர் காப்பகத்தையும் குழந்தைகள் காப்பகத்தையுமே கேட்டுப் பழகிய காது அது. வேறு சொல் தந்து உதவுங்கள்.

---

அன்புடையீர்,

எமர், நமர், நுமர், தமர் என்று சுற்றத்தைச் சுட்டும் சொற்கள் நம்மிடம் இருக்கையில் ‘சமூகம்’ எதற்கு? ‘தமர் ஆவணகம்’ என்க. ‘ஆவணம்’ சங்க நூல்களில் கடைத்தெருவைக் குறித்துப் பின்னரே ஓலைக்கு ஆகிவந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில், ஓலைகளைப் பதியும் இடமாக ‘ஆவணக்களரி’ வருகிறது. பெரியபுராணத்தில், தம்மை அடிமை என்று வழக்காடி வந்த முதியவரிடமிருந்து பறித்துச் சுந்தரர் கிழித்தது படியோலையை, அதாவது நகலைத்தான். மூலவோலையை அம்முதியவர் அவைமுன் நீட்ட, அதிலுள்ள கையெழுத்தைக் காப்பிலிருந்த வேறோர் ஓலையோடு ஒப்பிட்டே அவையோர் தீர்ப்புச் சொல்கின்றனர். படிக்கும் மூலத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் நான் அறியேன். ஆண் தன்மை திரிந்தோரைச் சுட்டும் பெயரை, ‘ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி’யை, தொல்காப்பியர் உயர்திணையிலேயே வைத்தார் என்பதால், அவர்களைக் குறித்த ‘பேடு’ என்னும் பழஞ்சொல்லையும் மீட்டெடுக்கலாம்.

---

ஐயா,

‘பேடிகை வாள்’ (பேடியின் கையிலுள்ள வாள்) என்று குறளிலேயே அச்சொல் கோழைத்தனத்துக்கு உவமையாகிவிட்டது. வசைச் சொல்லாகவே அதைக் கேட்டு வளர்ந்தவர்களின் படிவத்தில் அதை அச்சிட முடியாது. ‘தமர்’ படர்க்கை, கையொப்பமிடுபவர் தன்மையில் பேசுகிறார். போதாக்குறைக்குத் தமர் என்றால் துளை என்றும் பொருள் உண்டு.

தம் குழுவுக்குத் திருநங்கையர் தம்மிடையே வழங்கும் சொல் ‘ஜமாத்’. அரபு மூலம் என்பதால் அதை ஒதுக்க வேண்டியதில்லை. ஆயினும் திருநம்பியும் தன்பாலீர்ப்புள்ள பெண்ணும் அதற்குள் தம்மைக் காண்பார்களா என்பது ஐயமே.

‘ஆவணம்’ என்பதிலும் எனக்கு உறுத்தல் உண்டு. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் வட இந்தியாவில் ஹிஜ்ராக்களை (அங்குள்ள திருநங்கையரை) அரசுப் பதிவேட்டில் ஏற்றச் செய்தது, அதுவும் ஆவணம்தான். 1933ஆம் ஆண்டு மே மாதம் பெர்லினில் மருத்துவர் ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் ஆய்வு நிறுவனத்து நூலகத்தை நாஜிகள் எரித்தார்கள், அதுவும் ஆவணம்தான். எழுதியவர் யார், சாவி யாரிடம் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. 1974இல் நியூயார்க்கில் தொடங்கிய லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆர்க்கைவ்ஸ் என்னும் தன்பாலீர்ப்புள்ள பெண்களின் ஆவணத் தொகுப்பு பல ஆண்டுகள் நிறுவனர் ஒருவரின் வீட்டிலேயே இருந்தது. ‘ஹிஸ்டரி’யில் ‘ஹிஸ்’ (அவனுடைய) இருப்பதாகக் கொண்டு, ‘ஹெர்’ (அவளுடைய) என்று மாற்றிப் பிறந்த ‘ஹெர்ஸ்டரி’, சொற்பிறப்பியல்படி பிழை. அந்தப் பிழைதான் அரை நூற்றாண்டாகப் பெயர்ப்பலகையில் நிற்கிறது. எனவே சோழர் காலத்திடம் நாம் இசைவு கேட்க வேண்டியதில்லை.

---

அனைவர்க்கும் நன்றி.

நேற்று அந்த மூத்தவரோடு அமர்ந்து படங்களைப் பிரித்தேன். ஒரு படத்தில் மூவர் நிற்க, நடுவிலிருப்பவரின் முகத்தின்மேல் தாள் ஒட்டியிருந்தது. “அவ குடும்பத்தோட இருக்கா, காட்டாதீங்க, ஆனா தூக்கியும் போடாதீங்க” என்றார். காட்டாமல் பேணுவதற்குப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். அதற்குச் சொல் தேடவே தேவைப்படவில்லை. தலைப்பில் ‘நம் வரலாற்று ஆவணகம்’ என்று அனுப்பிவிட்டேன். பேச்சில் அவர் சொன்னதும் ‘நம்ம’ என்பதே.

---

அன்புடையீர்,

‘நம்’ முன்னிலையாரையும், அதாவது படிப்பவரையும், உளப்படுத்தும். படிவத்தை வாசிக்கும் காவல் அலுவலரும் அதற்குள் வந்துவிடுவார். ‘எம்’ என்றே இருந்திருக்க வேண்டும். அடுத்த பதிப்பிலாவது திருத்துக.