மகனுக்குக் கூடைப்பந்தில் சம்பள ஒப்பந்தம் வருகிறது, காலேஜை விடலாமா?

கேள்வி (டாலஸ்): ஹெச்-1பி வேலை விசாவில் வந்து எட்டு மாதம் ஆகிறது. மகனுக்கு 17 வயது, ஆறடி ஐந்து அங்குலம், பதினொன்றாம் வகுப்பு. காலேஜுக்குப் பதிலாகச் சம்பளம் தரும் அகாடமியில் சேர்க்கலாம், வருடம் ஒரு லட்சம் டாலர் வரும் என்கிறார் பயிற்சியாளர். சேர்க்கலாமா?

பதில் (நியூ ஜெர்சி): அண்ணா, தொகையை அப்புறம் பேசலாம். முதலில் தம்பியின் விசா. உங்களோடு வந்த பிள்ளைக்கு இருப்பது ஹெச்-4, அதாவது குடும்பத்தினர் விசா. அவன் படிக்கலாம், பள்ளி அணியில் ஆடலாம், கல்லூரி உதவித்தொகைகூட வாங்கலாம். ஆனால் சம்பளத்துக்கு ஒரு நாள்கூட வேலை செய்ய முடியாது. ஹெச்-4 இஏடி என்ற வேலை அனுமதி அட்டை கணவன் அல்லது மனைவிக்குத்தான், அதுவும் எல்லோருக்கும் இல்லை, பிள்ளைகளுக்குக் கிடையாது. ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்துக்கு ஆடினால் அது அனுமதியில்லாத வேலை. பிறகு மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறும்போதும் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் அது எதிரே வந்து நிற்கும். விளையாட்டு வீரர்களுக்கு பி-1 (P-1) விசா இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அதற்குச் சர்வதேச அளவில் பெயர் பெற்றதற்குச் சான்று கேட்பார்கள். பள்ளி ஆட்டத்தை மட்டும் வைத்து அது வராது.

அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது என்றும் பார்த்துவிடுங்கள். 2021இல் அட்லாண்டாவில் ஓவர்டைம் எலீட் என்ற சம்பளம் தரும் அகாடமி தொடங்கியபோது குறைந்தபட்சச் சம்பளம் அதுதான். வீரர் தொழில்முறைக்குப் போகாவிட்டால் கல்லூரிக்கு இன்னொரு லட்சம் தருவதாகவும் சொன்னார்கள். அங்கிருந்து தாம்சன் இரட்டையர் 2023 என்பிஏ டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் போனார்கள். என்பிஏவே 2020இல் தன் வளரும் வீரர்களுக்கான ஜி லீக்கில் இக்னைட் அணியைத் தொடங்கியது. ஜேலன் கிரீன் அங்கிருந்து 2021இல் இரண்டாவதாகப் போனார். பஞ்சாபின் பிரின்ஸ்பால் சிங்கும் அதில் ஆடினார். அந்த அணி 2024இல் மூடப்பட்டுவிட்டது. காரணம் எளிது: 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயர், உருவத்தை வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேரடியாகத் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, சுமார் 2.05 கோடி டாலர். ஓவர்டைமும் 2022இலேயே சம்பளமில்லாத உதவித்தொகை வழியைத் திறந்தது. 2020இல் காலேஜை விடச் சொன்ன காரணம் இன்று பெரும்பாலும் இல்லை. 2020 கணக்கை வைத்துப் பேசும் பயிற்சியாளரிடம் இதைக் கேளுங்கள்.

ஒரு லட்சம் என்றால் கையில் எவ்வளவு? 2024 வரி விகிதத்தில், அட்லாண்டாவில் தனி ஆளுக்கு மத்திய வருமான வரி சுமார் 13,800, சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் 7,650, ஜார்ஜியா மாநில வரி ஏறத்தாழ 4,700. மிச்சம் 74,000க்குக் கொஞ்சம் கீழே.

சம்பளம் வாங்கிவிட்டால் கல்லூரி ஆட்டத்துக்குத் திரும்பும் கதவு முன்பு அடைத்தே இருந்தது. இக்னைட்டில் ஆடிய தியெரி டார்லன் 2025இல் சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்துக்குப் போனார், ஆகவே இப்போது கொஞ்சம் திறந்திருக்கிறது. ஆனால் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் முடிவு சொல்கிறது. அதை நம்பி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போதே செய்ய வேண்டியது என்சிஏஏ தகுதி மையத்தில் பதிவு. கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவுக்கு (டிவிஷன் 1) 16 மையப் பாடங்கள், அவற்றில் 2.3 ஜிபிஏ வேண்டும், எஸ்ஏடி கேட்பதில்லை. ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் மாட்டிக்கொள்வது ஒன்பதாம் வகுப்பில். பத்தாம் வகுப்புக்கு அரசுச் சான்றிதழ் இருக்கும். ஒன்பதுக்கு ரேங்க் கார்டுதான் இருக்கும். டிசி வாங்கிய அன்று அதை யாரும் நினைப்பதில்லை. பழைய பள்ளிக்கு எழுதி, லெட்டர்ஹெட்டில் பாடவாரியாக மதிப்பெண், தலைமை ஆசிரியர் கையெழுத்து, முத்திரை எல்லாம் வாங்குங்கள். கோடை விடுமுறையில் கேட்டால் பதில் வராது. எந்த ஆவணமும் தமிழில் இருந்தால் மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

டிராஃப்ட் அவசரமும் வேண்டாம். டிராஃப்ட் நடக்கும் காலண்டர் ஆண்டுக்குள் 19 வயது நிறைய வேண்டும். அமெரிக்காவில் பள்ளி முடிப்பதால் வெளிநாட்டு வீரர் என்ற கணக்கு அவனுக்குப் பொருந்தாது. பள்ளி முடித்து ஒரு என்பிஏ சீசன் கடக்க வேண்டும்.

கல்லூரியில் சேர்ந்தபின்னும் ஒரு எச்சரிக்கை. 21 வயதில் ஹெச்-4 முடிந்துவிடும், அதற்குள் எஃப்-1க்கு மாற வேண்டும். எஃப்-1இல் விளம்பர வேலையை அமெரிக்க மண்ணில் செய்வது சிக்கல். கென்டக்கியின் ஆஸ்கர் ஷிப்வே 2022இல் அணியோடு பஹாமாஸ் போனபோதுதான் தன் விளம்பர வேலைகளைச் செய்தார். கல்லூரி நேரடியாகத் தரும் பங்கைப் பற்றிக் குடியேற்ற வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து வாங்காமல் ஒரு டாலரும் தொட வேண்டாம்.

பதில் (லண்டன்): இங்கே இருப்பவர்களுக்கும் ஒன்று. ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் வந்தவரின் பிள்ளை கடையில் வேலை பார்க்கலாம், ஆபீஸில் பார்க்கலாம். தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ மட்டும் கூடாது. உள்துறையின் வரையறை ரொம்ப அகலம்: தொழில்முறை, அரைத் தொழில்முறை அணியின் அகாடமியில் பதிவு செய்தாலே அதற்குள் வந்துவிடும், சம்பளம் வாங்காவிட்டாலும் சரி. கிளப் பதிவுப் படிவம் நீட்டும்போது அணியின் தரத்தைக் கேட்டுவிட்டு நிரப்புங்கள்.

பதில் (மெல்போர்ன்): ஆஸ்திரேலியாவில் நிலைமை நல்லது. 482 என்ற வேலை விசாவில் வந்தவரின் பிள்ளைக்கு வேலை உரிமை உண்டு. இங்குள்ள தொழில்முறை லீகான என்பிஎல்லின், இளம் வீரர்களுக்கான நெக்ஸ்ட் ஸ்டார்ஸ் திட்டம் 2018இலிருந்து நடக்கிறது. லமெலோ பால் இல்லவாராவில் ஆடினார். பெர்த்தில் ஆடிய அலெக்ஸ் சார் 2024 டிராஃப்டில் இரண்டாவது. ஆனால் அது ஆண்டுக்கு விரல் விட்டு எண்ணக்கூடியவர்களுக்கு. மற்றவர்களுக்கு அதற்குக் கீழே உள்ள என்பிஎல்1 லீக்தான் தொடக்கம், அதில் சம்பளம் சொற்பம்.

ஐரோப்பிய கிளப்பிலிருந்து அழைப்பு வந்தால்: 18 வயதுக்கு முன் நாடு விட்டு நாடு கிளப் மாற, சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா பொதுவாக விடாது. ஒப்பந்தத்தில் நான்கு இடத்தைப் படியுங்கள். தொகை வரிக்குப் பிந்தியதா, முந்தியதா. காயம் பட்டால் சம்பளம் தொடருமா. என்பிஏவுக்குப் போனால் ஒப்பந்தத்திலிருந்து விடுபட கிளப்புக்குக் கட்ட வேண்டிய தொகை (பைஅவுட்) எவ்வளவு. என்பிஏ அணி தரக்கூடியதற்கு வரம்பு இருப்பதால் மீதி பையன் சம்பளத்தில்தான் பிடிக்கப்படும். கடைசியாக, தகராறு கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகும் என்ற ஷரத்து. சம்பளம் மூன்று மாதம் நின்றுவிட்டால் அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும். அது இல்லையென்றால் அந்த ஊர் நீதிமன்றத்தில், அந்த ஊர் மொழியில் வழக்காட வேண்டிவரும்.