தூக்கமின்மைக்கு மாத்திரையா, பழக்கமாற்றச் சிகிச்சையா?

அகல்விளக்கு:
பதினான்கு மாதங்களாகப் பதற்றத்திற்கும் தூக்கமின்மைக்குமாக இரவில் பென்சோடயசெபைன் வகை மாத்திரை ஒன்றை மருத்துவர் சொன்னபடி எடுத்து வருகிறேன். "மாத்திரையை விட்டுவிடுங்கள், மனத்தைக் கட்டுப்படுத்தினால் தூக்கம் தானே வரும்" என்று என்னிடம் சொல்லாதவரே இல்லை. இரண்டே முக்கால் மணிக்குத் தலையணையில் அழுந்திய காதுக்குள் தன் இதயத்துடிப்பையே கேட்டுக்கொண்டு, "இப்போது தூங்கினாலும் மூன்றே கால் மணி நேரம்தான் மிச்சம்" என்று கணக்குப் போட்டபடி கிடந்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். மாத்திரை இல்லாதிருந்தால் நான் வேலையையும் குழந்தையையும் கவனித்திருக்கவே முடியாது. என் நோய் பதற்றம். தூக்கமின்மை அதன் நிழல். நோய்க்கு மருந்து எடுப்பதில் என்ன தவறு என்பதை மறுப்பவர்கள் விளக்க வேண்டும்.

கரையோரன்:
சகோதரி, நானும் அந்தக் கணக்கைப் பல ஆண்டுகள் போட்டவன்தான். எனவே மாத்திரை எடுப்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மாத்திரையை நீண்டகாலத் தீர்வாக ஏற்க என்னால் முடியவில்லை. பென்சோடயசெபைன் வகையைச் சேர்ந்த டயசெபாம் 1963-இல் விற்பனைக்கு வந்தபோது, அதற்கு முன் தூக்கத்துக்குத் தரப்பட்ட பார்பிச்சுரேட் மருந்துகளைவிடப் பாதுகாப்பானது என்று எல்லோரும் வரவேற்றார்கள். அந்த ஒப்பீட்டில் அது உண்மையும்கூட. ஆனால் 1988-லேயே பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இவ்வகை மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் தரக்கூடாது என்று அறிவுறுத்தியது. 2020-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், உடல் இவற்றைச் சார்ந்துவிடும் அபாயத்தைக் மருந்துக் குறிப்பின் மிகக் கடுமையான எச்சரிக்கையான கட்டமிட்ட எச்சரிக்கையிலேயே சேர்க்கச் சொன்னது. முதல் மாதம் தந்த தூக்கத்தை ஆறாம் மாதத்திலும் அதே அளவு மாத்திரை தருவதில்லை. மருந்தை நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகிறது. அதையே மருந்து தேவை என்பதற்குச் சான்றாக நாம் எடுத்துக்கொள்கிறோம்.

எனக்குக் கைகொடுத்தது தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை; தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சை அது. 2016-இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு, நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் முதல் சிகிச்சையாக இதையே பரிந்துரைத்தது. நான் இரவு பத்து மணிக்குப் படுத்துக் காலை ஏழு மணிக்கு எழுந்துகொண்டிருந்தேன். ஒன்பது மணி நேரப் படுக்கையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம். மீதி நேரமெல்லாம், படுக்கை என்றால் விழித்துக் கிடந்து பயப்படும் இடம் என்று என் மூளைக்கு நானே கற்றுக்கொடுத்திருக்கிறேன். சிகிச்சையில் என் படுக்கை நேரத்தைப் பன்னிரண்டரை முதல் ஆறு மணி வரை என்று சுருக்கினார்கள். படுக்கையில் இருக்கும் நேரத்தில் நூற்றுக்கு 85 பங்கு தூங்கத் தொடங்கிய பிறகு, படுக்கை நேரத்தைக் கால் கால் மணி நேரமாகக் கூட்டினார்கள். விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்க உந்துதல் வலுக்கும். சிகிச்சை அந்த உந்துதலைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டாம் வாரம் மிகக் கடினமாக இருந்தது. ஐந்தாம் வாரத்தில் படுத்த சிறிது நேரத்தில் தூங்கியிருந்தேன்.

அகல்விளக்கு:
தூக்கத்துக்கு ஏங்குபவளிடம் இன்னும் குறைவாகப் படு என்று சொல்வதைச் சிகிச்சை என்கிறீர்கள். ஒரு வாரம் தூங்காவிட்டால் என் பதற்றம் எங்கே போய் நிற்கும் என்பது எனக்குத் தெரியும்: கை நடுங்கும், மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும், செத்துவிடுவோம் என்றே தோன்றும். தவிர, இச்சிகிச்சையை முறையாகக் கற்றவர்கள் எல்லோருக்கும் கிடைக்கிறார்களா? கிடைக்காத சிகிச்சையைப் புகழ்ந்துவிட்டுக் கிடைக்கும் மருந்தைப் பழிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. வேரான பதற்றத்தைக் கவனித்தால் தூக்கம் பின்னாலேயே வரும் என்பதே என் நிலைப்பாடு.

இரவுப்பணி செவிலி:
இருவரும் ஒரு முக்கியமான செய்தியைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். இதைப் படிக்கும் யாரும் இன்றிரவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மாதக்கணக்கில் எடுத்த பென்சோடயசெபைனைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைக் குறைக்கும் வேகத்தை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

கரையோரன் ஐயா, நீங்கள் சொல்லும் முறையும் எல்லோருக்கும் பொருந்தாது. மனநிலை மிகையெழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்குத் தூக்கக் குறைவே மிகையெழுச்சியைத் தூண்டிவிடலாம். வலிப்பு நோய் உள்ளவருக்கு அது வலிப்பைத் தூண்டலாம். தொலைதூர வாகனம் ஓட்டுபவர் முதல் வாரங்களில் சாலையிலேயே கண்ணயர்ந்துவிடலாம். மேலும், பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் இருந்தால் அது தூக்க மூச்சுத்தடையாக இருக்கக்கூடும். அவருக்கு இந்த மாத்திரைகள் சுவாசத்தை இன்னும் தளர்த்திவிடும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் படபடப்பும் தூக்கமின்மையும் பதற்ற நோயைப் போலவே தோன்றும். பரிசோதனை செய்யாமல் எதையும் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

அகல்விளக்கு அம்மா, "வேரைக் கவனித்தால் தூக்கம் வரும்" என்று மருத்துவ உலகமும் வெகுகாலம் நம்பியது. 2013-இல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பு, தூக்கமின்மையைத் தானாக வரும் முதல்நிலை, வேறு நோயால் வரும் இரண்டாம்நிலை என்று பிரிப்பதையே கைவிட்டது. பதற்றம் தணிந்த பிறகும் பலருக்குத் தூக்கமின்மை தனியாகத் தொடர்கிறது; தூக்கம் கெட்டுக்கிடந்தால் பதற்றமும் முழுதாக விலகுவதில்லை. இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை தேவை. பதற்றத்திற்குப் பழக்கத்தை உண்டாக்காத மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் மூளையிலுள்ள செரடோனின் என்ற வேதிப்பொருள் சார்ந்த அவ்வகை மருந்துகள் பலன் தர சில வாரங்கள் ஆகும், தொடக்க நாட்களில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். இதை முன்கூட்டியே சொல்லாததால் நாலாம் நாளே மருந்தை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கரையோரன்:
ஒப்புக்கொள்கிறேன், இதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். என் மாத்திரையை மருத்துவர் ஐந்து மாதங்களில்தான் நிறுத்தினார். கடைசி வாரங்களில் மாத்திரையை நான்காக வெட்டி, நகத்தளவுகூட இல்லாத துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இது இல்லாமல் எப்படி என்று நின்றிருக்கிறேன். மருந்தாக அந்தத் துண்டு செய்தது மிகக் குறைவாகவே இருந்திருக்கும். அது கையில் இருந்ததே எனக்குத் தைரியமாக இருந்தது. ஆயினும் அம்மாவின் வாதத்தில் ஒன்றை இன்னும் ஏற்கவில்லை. சிகிச்சையாளர் கிடைப்பது அரிது என்பது உண்மை. அதற்காக மாத்திரையே போதும் என்று ஆகிவிடாது. விழித்துக் கிடந்தால் எழுந்து வேறு அறைக்குப் போவதும், தினமும் ஒரே நேரத்தில் எழுவதும், கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பதும் யாரையும் எதிர்பார்க்காமல் செய்யக்கூடியவை.

அகல்விளக்கு:
மாத்திரை என்னைக் காப்பாற்றியது என்பதிலிருந்து நான் பின்வாங்கவில்லை. ஆனால் பதினான்கு மாதங்கள் என்பது நான்கு வாரங்கள் அல்ல என்பது உறுத்துகிறது. அடுத்த முறை மருத்துவரிடம் அளவைக் குறைப்பது பற்றிக் கேட்பேன். அதற்குள் தூக்க நாட்குறிப்பு எழுதலாம் என்று இருக்கிறேன். எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது என்று துல்லியமாக எழுத வேண்டுமா?

இரவுப்பணி செவிலி:
வேண்டாம் அம்மா. இரவில் கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம். காலையில் எழுந்ததும், படுத்த நேரம், உத்தேசமாகத் தூங்கிய நேரம், எழுந்த நேரம், மாத்திரையின் அளவு ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். இரண்டு வாரக் குறிப்பை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள்.