வெளிநாட்டுச் சட்டம் எங்கள் மீன்வாடிக்கு வந்த நாள்: உங்கள் அனுபவம் என்ன?

நண்டுவலை, நாச்சிக்குடா:
லொறி வந்து நின்ற காலை. நிறுக்கிற தம்பி என் பெட்டியிலிருந்து ஒரு சினை நண்டைத் தூக்கி, அடிவயிற்று மஞ்சள் முட்டை தெரியத் திருப்பிப் பிடித்தார். "அண்ணை, இனி இது வேண்டாம். அமெரிக்காவில் வாங்குகிறவன் கேட்கிறான்." பத்தொன்பது வருடமாக நீலக்கால் நண்டு பிடிக்கிறேன். அன்று ஏழு கிலோ கழிந்தது. உயிர் இருந்ததைக் கடலில் விட்டோம், மற்றது கறிக்கு. சட்டம் பிழை என்று சொல்லவில்லை, சினையைத் தின்றால் நண்டு எங்கிருந்து வரும்? ஆனால் அதைத் தராசடியில் வைத்தா சொல்வது? அந்த மஞ்சள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கரையோரம், முல்லைத்தீவு:
எனக்கு 2015 தை மாதம். "ஐரோப்பா பூட்டிப்போட்டான்" என்று வியாபாரி ஒரே வசனத்தில் அப்பாவின் மீனுக்கு விலையைக் குறைத்தார். இலங்கை மீனை வாங்க ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டிருந்தது. பலநாள் படகுகள் சர்வதேசக் கடலில் கண்காணிப்பு இல்லாமல் பிடித்தன என்பதுதான் குற்றச்சாட்டு. எங்களுடையது கரை தெரியும் தூரத்தைத் தாண்டாத பைபர் படகு. 2016 ஆனியில்தான் தடையை எடுத்தார்கள். அப்பா அதற்குள் வலையை விற்றுவிட்டார்.

பூநகரியான்:
முல்லைத்தீவுத் தம்பி, திடீரென்று பூட்டவில்லை. 2012 கார்த்திகையிலேயே எச்சரித்தார்கள். இரண்டு வருடம் இருந்தும் சரிசெய்யாதது யார்? கோபத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

என் கதை சின்னது. உறவினரின் கடலட்டைப் பெட்டி ஒரு அனுமதிக் கடிதத்துக்காகக் கிடந்து பூஞ்சணம் பிடித்தது. இந்தியாவில் 2001 முதல் அட்டை பிடிக்க முழுத் தடை, இங்கே அனுமதிப்பத்திரம் இருந்தால் பிடிக்கலாம். ஒரே கடலுக்கு இரண்டு சட்டம் இருந்தால் கள்ளச் சரக்கு வராமல் என்ன செய்யும்? அப்புறம் 2020 ஆவணியிலிருந்து அட்டையில் சில வகைகளை ஏற்றுமதி செய்ய சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பத்திரமும் வேண்டும். அதனால் சொல்கிறேன்: எங்கே, எந்த நாள், எத்தனை கிலோ என்று கொப்பியில் எழுதுங்கள். விற்ற துண்டை எறியாதீர்கள். எந்த அளவு நண்டை எடுப்பார்கள் என்பதைச் சங்கம் மூலம் எழுத்தில் கேளுங்கள். தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலையை விட்டுவிடுங்கள். அட்டைப் பண்ணை போடுகிறவர்கள் முதலில் அனுமதி எண்ணை வாங்குங்கள், பிறகு கம்பு நடுங்கள்.

நண்டுவலை, நாச்சிக்குடா:
தம்பி, கொப்பி என்னிடம் இருக்கிறது. அதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

மன்னார்க்காரி:
எழுதலாமா என்று யோசித்தேன். 2021 வைகாசியில் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தது. அதில் 1486 கொள்கலன்கள். அது எரிந்தது எங்கோ, ஆனால் இங்கே சந்தையில் சனம் மீன் கூடையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு 2025 வைகாசியில் கேரளப் பக்கம் எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியது. அதற்கடுத்த மாதம் எங்கள் கரையில் வெள்ளைக் குருணை. அரிசி என்று நினைத்து என் மகள் கை நிறைய அள்ளிவந்தாள். பிளாஸ்டிக். கப்பல் சட்டத்தின் ஆபத்துச் சரக்குப் பட்டியலில் இந்தக் குருணை இல்லையாம். நண்டை அளக்க அளவுகோலோடு வருகிறார்கள், சரி, வரட்டும். இந்த மணலைச் சலிக்க நாங்கள் வீட்டு அரிதட்டைக் கொண்டுபோனோம். நான்கு நாள் சலித்தோம். ஐந்தாம் நாள் அலை மறுபடி கொண்டுவந்து போட்டது.